மூன்றாவது சுற்றில் என்ன நடந்தது

காலை ஐந்து மணிக்கு என் அடுப்படியில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். சட்னிக்குத் தேங்காய் துருவும்போதும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைக் கழுவும்போதும் என் இடது காதில் மட்டும் இயர்போன் இருக்கும். வலது காது பால்காரருக்கும் குக்கர் விசிலுக்கும். அந்த ஒற்றைக் காது வழியாகத்தான் கேரா கவுச்சரும் டெஸ் லிண்டனும் எனக்குப் பழக்கமானார்கள். இருவரும் ஒலிம்பிக் மாரத்தான் ஓடியவர்கள். 2023இல் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். பெயர் 'நோபடி ஆஸ்க்ட் அஸ்'.

எங்களை யாரும் கேட்கவில்லை என்று பொருள். கேட்காமலே வந்து கருத்துச் சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற விளையாட்டான தன்னடக்கம் அந்தப் பெயரில் இருக்கிறது. முதல் நாள் கேட்டபோதே எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. நானும் பள்ளியில் ஓடியவள். 1500 மீட்டர். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டி வரைக்கும் போனவள். எங்களையும் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஓடு என்பார்கள், ஓடினோம். போதும் என்றார்கள், நின்றோம்.

கேராவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் என் மனம் அதிகம் தங்கியிருக்கிறது. 1978இல் நியூயார்க்கில் பிறந்தவர். நான்கு வயது நிறைவதற்கு முன்பே, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் அப்பா இறந்துபோனார். அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகருக்குத் தன் பெற்றோரிடம் போனார். பேத்தியை ஓட்டத்துக்கு அழைத்துப் போனவர் தாத்தா. கொலராடோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தேசியக் கல்லூரிப் பட்டங்கள் வந்தன. ஆடம் கவுச்சர் என்ற ஓட்டக்காரரோடு திருமணம். 2004இல் இருவரும் போர்ட்லாந்தில் நைக்கி நிறுவனம் நடத்திய ஒரிகான் ப்ராஜெக்ட் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார்கள். பயிற்சியாளர் ஆல்பெர்டோ சலசார், நியூயார்க் மாரத்தானை மூன்று முறை வென்றவர்.

2007 ஒசாகா உலகத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டரில் கேராவுக்கு வெண்கலம். அன்று அவருக்கு முன்னால் இரண்டாவதாக வந்த துருக்கி வீராங்கனை ஊக்கமருந்து எடுத்திருந்தது பிறகு மறுபரிசோதனையில் தெரிந்தது. கேராவின் வெண்கலம் வெள்ளியாக மாறியபோது ஆண்டு 2017. பத்து வருடம். பதக்க மேடையில் ஒரு படி மேலே நிற்க வேண்டிய அந்த இரண்டு நிமிடத்தை யாரால் திருப்பித் தர முடியும்? அவர் ஊக்கமருந்து பற்றிப் பேசும்போது குரல் ஏன் அவ்வளவு இறுகுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் இதுதான். அந்த இறுக்கத்துக்கு அவர் முழு விலை கொடுத்திருக்கிறார்.

இப்போது 2011 ஏப்ரல் 18, பாஸ்டன் மாரத்தான். அன்றைய முடிவுப் பட்டியலைப் பார்த்தால் மூன்று வரிகள் கண்ணில் படும். முதலிடம் கென்யாவின் கரோலின் கிலெல், 2 மணி 22 நிமிடம் 36 விநாடி. இரண்டாம் இடம் டெசிரே டவிலா, 2 மணி 22 நிமிடம் 38 விநாடி. திருமணத்துக்கு முன் டெஸ் லிண்டனின் பெயர் அது. இரண்டே விநாடி. ஐந்தாம் இடம் கேரா கவுச்சர், 2 மணி 24 நிமிடம் 52 விநாடி. அதுவரை அவர் ஓடியதிலேயே வேகமான மாரத்தான். அப்போது அவருடைய மகன் பிறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அன்று இதைப் படித்தவர்கள், பிள்ளை பெற்ற கையோடு இப்படி ஓடுகிறாளே என்று வியந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் வியந்திருப்பேன். ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது.

ஓட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. காலணி நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போடும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் வரும். சட்டப்படி அவர்கள் ஊழியர்கள் அல்ல. ஆகவே ஊழியருக்கு உரிய மகப்பேறு விடுப்பு அவர்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் குறைப்பு விதிகள் உண்டு. தரவரிசையில் இறங்கினால் இவ்வளவு வெட்டு, இத்தனை போட்டிகளில் ஓடாவிட்டால் இவ்வளவு வெட்டு. காயம்பட்டு ஓடாமல் இருப்பதற்கும் கருவுற்று ஓடாமல் இருப்பதற்கும் அந்தத் தாளில் அன்று வேறுபாடு இல்லை. கேரா கருவுற்றிருந்த காலத்தில் பணம் நின்றது. மறுபடி போட்டியில் ஓடினால்தான் வரும் என்ற நிலை. குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார். இதற்கிடையில் குழந்தைக்கு உடம்பு மோசமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. குழந்தையின் பக்கத்தில் இருப்பதா, பயிற்சிக்குப் போவதா? போனார். அதற்காகத் தன்னை ஒருபோதும் மன்னிக்கப் போவதில்லை என்று 2019இல் சொன்னார்.

நான் இரண்டு பிள்ளைகள் பெற்றவள். என் மூத்தவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஒரு இரவு முழுவதும் அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் துணி ஒவ்வொரு முறையும் எவ்வளவு சீக்கிரம் சூடாகிவிட்டது என்பது இன்றும் என் உள்ளங்கைக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒரு இரவிலிருந்து எழுந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் ஓடப் போவதை நினைத்துப் பார்க்கிறேன். பாஸ்டன் பட்டியலின் ஐந்தாம் வரிக்குள் இருந்தது இதுதான்.

ஏன் எட்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை? அந்த ஒப்பந்தங்களிலேயே இரகசிய விதியும் இருந்தது. விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. 2014இல் அமெரிக்க தேசியப் போட்டியில் 34 வாரக் கர்ப்பத்தோடு 800 மீட்டர் ஓடிய அலீசியா மொண்டானோவை உலகமே படமெடுத்தது. கையெழுத்திட்ட தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று அந்தப் படங்களில் தெரியாது. 2019 மே மாதம் அவரே நியூயார்க் டைம்ஸில் பேசினார். அதில்தான் கேராவும் தன் கதையைச் சொன்னார். பத்து நாட்களுக்குள் அலிசன் ஃபெலிக்ஸ் எழுதினார். ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வாங்கியிருந்தவர், 32 வாரத்தில் அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தையைப் பெற்றெடுத்தவர். அந்த ஆகஸ்டில் நைக்கி தன் விதியை மாற்றியது. கருவுற்ற வீராங்கனைக்குப் பதினெட்டு மாதங்கள் பணம் குறைக்கப்படாது என்று ஆயிற்று. மூன்று பெண்கள் வாய் திறந்ததும் மூன்றே மாதத்தில் மாற்ற முடிந்த ஒரு விதி, அதுவரை எத்தனை பேரை வாட்டியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

கேட்காமல் முடிவு செய்வது இந்த விளையாட்டில் பழைய வழக்கம். 1928 ஆகஸ்ட் 2, ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். அதைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் பதினொரு பரிதாபத்துக்குரிய பெண்கள் ஓடியதாகவும், ஐந்து பேர் பாதியில் விலகியதாகவும், ஐந்து பேர் கோட்டைத் தொட்டதும் சுருண்டு விழுந்ததாகவும் எழுதினார். ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஆனாலும் இப்படி எழுதப்பட்ட கதைகள்தான் நிலைத்தன. 800 மீட்டர் பெண்களின் உடம்புக்கு ஆகாது என்று எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். பெண்களின் மாரத்தான் வர 1984 ஆயிற்று.

அந்த ஆம்ஸ்டர்டாம் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுவே ஹிதோமி. அவர் நம்பி வந்தது 100 மீட்டரை. அதில் இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல், பழக்கமே இல்லாத 800 மீட்டரில் இறங்கி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண். இவர் ஒசாகாவின் மைனிச்சி நாளிதழில் செய்தியாளராக வேலை பார்த்தவர். ஓடவும் தெரிந்து எழுதவும் தெரிந்த ஒரு பெண் அந்தத் தடத்திலேயே இருந்திருக்கிறார். உலகம் வேலிக்கு வெளியே நின்றவர்களின் கதையை எடுத்துக்கொண்டது. ஹிதோமி 1931இல், அதே ஆகஸ்ட் 2ஆம் தேதி, இருபத்து நான்கு வயதில் இறந்தார். அவர் கையில் ஒரு ஒலிவாங்கி இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

டெஸ் வேறு மாதிரி. கேரா உணர்ச்சியை மறைக்கத் தெரியாதவர், டெஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கலிஃபோர்னியாவில் வளர்ந்து, மிச்சிகனில் ஹான்சன்ஸ் என்ற ஓட்டப் பயிற்சிக் குழுவோடு வருடக்கணக்காகக் கிலோமீட்டர்களைச் சேர்த்தவர். மின்னல் வேகம் இல்லாதவர் என்று அவரைச் சொல்வார்கள். தினமும் வந்து நிற்பதுதான் அவர் பலம்.

இந்த இருவரும் தோழிகளாகப் பாட்காஸ்ட் தொடங்கியதாக நினைப்பவர்கள் அவர்களுடைய போட்டி வரலாற்றையும் பார்க்க வேண்டும். 2012 ஜனவரி, ஹூஸ்டன், ஒலிம்பிக் தகுதிப் போட்டி. முதல் மூன்று பேருக்கு மட்டும் இடம். ஷலேன் ஃப்ளானகன் முதலிடம், டெஸ் இரண்டு, கேரா மூன்று. மூவரும் லண்டனுக்குப் போனார்கள். அங்கே டெஸ்ஸின் தொடை எலும்பில் விரிசல் கண்டிருந்தது. சில கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டார். கேரா முழுத் தூரமும் ஓடினார். நான்கு வருடம் கழித்து 2016 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சலிஸ். கடும் வெயில். இந்த முறையும் முதல் மூன்று பேருக்குத்தான் இடம். டெஸ் இரண்டாவது, ஷலேன் மூன்றாவது. நான்காவது கேரா. ஷலேனுக்கும் அவருக்கும் இடைவெளி 65 விநாடி. 42 கிலோமீட்டர் ஓடியபின் 65 விநாடியில் ரியோ ஒலிம்பிக் போயிற்று. அப்போது அவருக்கு வயது 37. டெஸ் ரியோவுக்குப் போய் ஏழாவதாக வந்தார்.

நான்காவதாக வந்தவரும் இரண்டாவதாக வந்தவரும் ஏழு வருடம் கழித்து ஒரே மேசையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது போல் பேசுகிறார்கள் என்பதுதான் என்னை இந்த நிகழ்ச்சியில் உட்கார வைத்தது. தோற்றவளுக்குத் தெரிந்ததும் வென்றவளுக்குத் தெரிந்ததும் ஒன்றுசேரும்போதுதான் ஒரு ஓட்டம் முழுமையாகிறது. தனியே பேட்டி எடுத்தால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும்.

2018 பாஸ்டனையும் சொல்ல வேண்டும். கொட்டும் மழை, எதிர்க்காற்று, எலும்புக்குள் இறங்கும் குளிர். முப்பது ஆண்டுகளில் இவ்வளவு குளிரில் அந்த ஓட்டம் தொடங்கியதில்லை. டெஸ்ஸுக்கு ஆரம்பத்திலேயே உடம்பு ஒத்துழைக்கவில்லை. இன்று நான் முடிக்கப் போவதில்லை, உனக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் சொல் என்று பக்கத்தில் ஓடிய ஷலேனிடம் சொல்லிவிட்டார். பாதி வழியை எட்டும் முன் ஷலேன் கழிப்பறைக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. டெஸ் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களில் உலகிலேயே பழையதில், முன்னணிக் கூட்டம் கண்ணெதிரே விலகிப் போய்க்கொண்டிருக்க, ஒரு பெண் இன்னொரு பெண் வெளியே வருவதற்காக மழையில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறாள். ஷலேன் வந்ததும் காற்றுக்கு முன்னால் தான் ஓடி அவரைக் கூட்டத்தோடு சேர்த்தார். அதற்குள் தன் கால்கள் சூடேறிவிட்டதையும், முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தளர்வதையும் கண்டார். விலகவில்லை. 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் வென்றார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனை வென்ற அமெரிக்கப் பெண்.

ஓட்டம் முடிந்ததும் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது? தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் செய்தியாளர், எப்படி உணர்கிறீர்கள் என்பார். மூச்சு இன்னும் அடங்கியிருக்காது. ஒன்றரை நிமிடம் பேசுவார்கள். அதிலும் அணிந்திருக்கும் சட்டையில் ஒரு நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது. சொல்லக்கூடியதைத்தான் சொல்ல முடியும்.

பாட்காஸ்டில் அந்தக் கம்பி இல்லை. கேரா இருப்பது கொலராடோவில், டெஸ் மிச்சிகனில். ஆளுக்கொரு ஒலிவாங்கியும் இணையமும் போதும். செலவுக்கு விளம்பரம் வருகிறது. அதையும் அவர்களே வாசிக்கிறார்கள். அந்த இடங்களை நான் தள்ளிவிட்டுக் கேட்பது உண்டு, ஆனாலும் அந்த விளம்பரங்கள் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஓட்டக்காரியின் வேலைக்காலம் முப்பத்தைந்தில், மிஞ்சினால் நாற்பதில் முடிகிறது. அதற்குப் பிறகு பேசுவதே தொழிலாகிறது என்றால், அந்தத் தொழிலில் குறைப்பு விதி இல்லை. கருவுற்றால் வெட்டு இல்லை. காயம்பட்டால் வெட்டு இல்லை. உடம்பு ஓடாத நாளிலும் குரல் வேலை செய்யும். கேராவுக்கு இது வெறும் பேச்சல்ல. ஓட்டக்காரர்களைத் தாக்கும் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு அவருக்கு வந்தது. ஓடும்போது கால் தன் வசத்தில் இருக்காது. எந்தக் கால்களை வைத்து அவர் பெயர் எடுத்தாரோ அந்தக் கால்களே கேட்காதபோது, அவரிடம் குரல் இருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் என்பிசி தொலைக்காட்சியின் தடகள வர்ணனையாளர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் குரலை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2015இல் பிபிசியும் ப்ரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனமும் ஒரிகான் ப்ராஜெக்டில் ஊக்கமருந்து விதிமீறல் பற்றிய விசாரணையை வெளியிட்டபோது, பெயரோடும் முகத்தோடும் பேசியவர்களில் கேராவும் அவர் கணவரும் இருந்தார்கள். அதற்கு முன்பே அவர்கள் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் போயிருந்தார்கள். துரோகி என்றார்கள், தோற்றவளின் புலம்பல் என்றார்கள். 2019இல் பயிற்சியாளர் சலசாருக்கு நான்கு ஆண்டுத் தடை வந்தது. அடுத்த சில நாட்களில் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. பிறகு பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டில் அமெரிக்க விளையாட்டுப் பாதுகாப்பு மையம் அவருக்கு நிரந்தரத் தடை விதித்தது. சலசார் அதை மறுத்தார். பாதிக்கப்பட்டவர் யார் என்ற பெயர் வெளியே வரவில்லை. 2023 மார்ச்சில் வெளியான தன் வரலாற்று நூலில் கேரா, அது நான்தான் என்று எழுதினார்.

அதே வருடம்தான் பாட்காஸ்டும் தொடங்கியது. அந்த எழுத்தைப் படித்துவிட்டு இந்தக் குரலைக் கேட்டால், சிரிப்பின் அருமை தெரியும். கேரா வாய்விட்டுச் சிரிப்பவர். டெஸ் ஏதாவது சுருக்கென்று சொல்வார், இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இவ்வளவு நடந்த பிறகும் ஒரு பெண் இப்படிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே மாவு கரைப்பது எனக்குக் காலையில் ஒரு மருந்து. எப்போதும் சிரிப்பதும் இல்லை. தடை முடிந்து திரும்பி வந்த வீராங்கனையைப் பற்றியோ, பரிசுப் பணத்தில் இருக்கும் ஓரவஞ்சனையைப் பற்றியோ பேச்சு வந்தால் இருவரும் மோதிக்கொள்வதும் உண்டு. டெஸ் பொறுமையாக ஒரு கேள்வி போடுவார். கேரா தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்வார். செய்தித்தாளில் அந்தத் திருத்தம் தெரியாது, கடைசி வாக்கியம்தான் அச்சாகும். ஒருவர் தன் மனத்தை மாற்றிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் ஒரு மணி நேரம் வேண்டும்.

விளையாட்டுப் பெண்கள் நடத்தும் பாட்காஸ்ட்கள் இப்போது நிறைய. கூடைப்பந்தின் சூ பேர்டும் கால்பந்தின் மேகன் ரபினோவும் 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து நேரலையில் பேசத் தொடங்கியது பிறகு பாட்காஸ்டாக வளர்ந்தது. அமெரிக்க ரக்பி வீராங்கனை இலோனா மார் தன் சகோதரிகளோடு நடத்துகிறார். டென்னிஸில் ஜெசிகா பெகுலாவும் மேடிசன் கீஸும் இன்னும் இரண்டு வீராங்கனைகளும் சேர்ந்து, ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தொடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் கிரிக்கெட்டில் ஈசா குஹாவும் எபோனி ரெயின்ஃபோர்ட் பிரென்ட்டும் வானொலி வழியாக வந்த வேறொரு மரபு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எல்லாவற்றையும் நான் விரும்பிக் கேட்கிறேன் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் புகழ் மட்டும்தான் இருக்கிறது, விருந்தினரைத் தடவிக் கொடுத்து அனுப்புகிறார்கள். வலித்த இடத்தில் விரல் வைக்கும் நிகழ்ச்சிதான் எனக்கு வேண்டும்.

2025 ஏப்ரல் 21 அன்று டெஸ் தன் கடைசித் தொழில்முறை மாரத்தானை பாஸ்டனில் ஓடினார். நாற்பத்தொரு வயதில் 2 மணி 26 நிமிடம் 19 விநாடி, பதினேழாம் இடம். செய்தியைப் படித்த அன்று மாலை, நெடுநாளாகத் தள்ளிப்போட்ட ஒன்றைச் செய்தேன்.

1996ஆம் ஆண்டு, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம், மாவட்டப் போட்டி, 1500 மீட்டர். என்னோடு ஓடியவர்களில் ஒருத்தி வேறு பள்ளி. குறுவட்டத்திலிருந்தே அவளுக்கு நான் போட்டி, எனக்கு அவள் போட்டி. அன்று இரண்டு சுற்று வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். மூன்றாவது சுற்றில், கேலரிக்கு எதிர்ப்பக்க வளைவில், அவள் திடீரென்று வேகம் குறைந்து உள்பக்கமாக ஒதுங்கினாள். நான் தாண்டினேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் தாண்டினார்கள். அவர்களுக்கு நடுவிலேயே ஒட்டிக்கொண்டு ஓடி நான்காவதாக வந்தாள். எனக்கு 5 நிமிடம் 21 விநாடியும் ஒரு சான்றிதழும். கடைசியில் என் கால்கள் வலுவாக இருந்ததால் ஜெயித்தேன் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். என் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

பழைய விளையாட்டுத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் இருந்தது. தூத்துக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். போனை எடுத்து, குரலைக் கேட்டதும், "ஏட்டி, நீயா!" என்றாள். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள், மூட்டுவலி, தங்கம் விற்கும் விலை என்று கால் மணி நேரம் போனது. பிறகு கேட்டேன். அன்றைக்கு மூன்றாவது சுற்றில் உனக்கு என்ன ஆயிற்று?

மிஷின் சத்தம் நின்றது.

அவள் வீட்டில் பேச்சுப் போட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கால் தெரிய டிரவுசர் போட்டு மைதானத்தில் ஓடுவது தெரிந்தால் மறுநாளே பள்ளிக்கூடம் நின்றுவிடும். அந்த வளைவில் திரும்பும்போது வேலிக்கு அப்பால் அவளுடைய பெரியப்பா நின்றிருக்கிறார். தோளில் துண்டு, கையில் ஒரு பை. ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தவர். முன்னால் தனியாக ஓடினால் பார்த்துவிடுவார் என்று கூட்டத்துக்குள் புகுந்திருக்கிறாள். மறைந்து ஓடுவதற்கு வேறு இடம் அந்தத் தடத்தில் இல்லை.

"பார்த்துவிட்டாரா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றாள். "வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. போன வருடம்தான் தவறினார். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை."

அவளுடைய பி.டி. டீச்சர் அன்று அவளைத் திட்டினாராம். காலில் தெம்பு இல்லையா என்று கேட்டாராம். ஆமாம் டீச்சர் என்று தலையாட்டிவிட்டாளாம். அதற்கடுத்த வருடம் அவள் ஓடவில்லை. அதற்கடுத்த வருடம் நானும் ஓடவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அந்த டீச்சர் அதிகாலையில் கொடுத்த பயிற்சிகள், பஸ்ஸில் காலணியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனது, ஓட்டத்துக்கு முன் நான் அவளைப் பார்த்து முறைத்தது எல்லாம் வந்தன. நான் முறைத்தது எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு இருந்தது. போனை வைக்கும் நேரத்தில் அவள் என்னுடைய நேரத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"நான் அதற்கு முந்தைய வாரம் பயிற்சியில் ஐந்து நிமிடம் ஆறு விநாடி ஓடினேன்" என்றாள். "டீச்சர் கைக்கடிகாரத்தில் பார்த்தார். எங்கேயும் பதிவில் இல்லை. நீதான் எழுதுகிறவள், எழுதி வைத்துக்கொள்."

எழுதி வைத்துக்கொண்டேன். 5 நிமிடம் 6 விநாடி.